என் கையை நானே பஃபிங் செய்த நாள்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மார்கழிக் கடைசி, பொங்கல் வரப்போகிற நேரம். ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தோல் தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை. இருபத்திரண்டு வருடம் டிரம் பக்கத்தில் வேலை செய்தேன். டிரம் என்றால் மரத்தால் செய்த பெரிய உருளை. அதற்குள் தோலையும் தண்ணீரையும் மருந்துகளையும் போட்டுச் சுற்றவிடுவார்கள். சுற்றி முடித்த ஈரத் தோலை இழுத்து வெளியே போட்டு அடுக்குவது எங்கள் வேலை. கைக்கு ரப்பர் உறை கொடுப்பார்கள். உறை போட்டால் தோல் வழுக்குகிறது என்று பாதி நாள் நான் போட்டதே இல்லை. அது என்னுடைய தப்பு. அதனால் என் உள்ளங்கையும் விரல் நுனிகளும் காய்ந்துபோய், தடித்து, கோடு கோடாக வெடித்திருந்தன. குளிர்காலம் வந்தால் வெடிப்பில் ரத்தம் எட்டிப்பார்க்கும். சோற்றில் கை வைத்தால் காரம் சுரீரென்று ஏறும். யாராவது எதையாவது நீட்டினால் இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வலது கையால் சட்டென்று வாங்கிக்கொள்வேன். எனக்குப் பொதுவாகவே கூச்சம் அதிகம். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரலே எனக்குக் கேட்காது.

அந்த மார்கழியில்தான் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. முடிந்த தோலைத் தரம் பிரிக்கிற டேபிளில் இரண்டு பேர் நிற்பார்கள். அதில் ஒருவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். இன்னொருவர் என் தோஸ்த். பதினைந்து வருடப் பழக்கம். நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் சூப்பர்வைசரிடம் போய் என்னைச் சொன்னார். "அவன் பேச மாட்டான் சார், ஆனா தோலைத் தொட்டா போதும், அதோட ஜாதகமே சொல்வான்" என்று சொன்னாராம்.

அந்த டேபிள் எனக்கு எவ்வளவு பெரியது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே வேலை இதுதான்: தோலை விரித்து, இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, எங்கே தொய்வு, எங்கே சொரசொரப்பு, எங்கே மாட்டின் பழைய காயம் என்று கண்டுபிடித்து, சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிப் பிரிக்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. நான் எத்தனையாவது படித்தேன் என்று அந்த டேபிள் கேட்காது. டிரம் பக்கம் இருக்கிறவனைப் போகிறவன் வருகிறவனெல்லாம் வாடா போடா என்பான். டேபிளில் இருக்கிறவன் ஒரு தோலை மூன்றாம் நம்பர் என்று ஒதுக்கினால் முதலாளிகூட ஏன் என்று நின்று கேட்பார். நாற்பத்தாறு வயதில் எனக்கு அந்த இடம் வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னால் எதையும் நான் அப்படி விரும்பிக் கேட்டதில்லை.

முதல் இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாவது நாள் ஸ்வேடு வந்தது. வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும் தோல். அதிலும் வெளிர் நிறம். நான் தடவத் தடவ என் விரல் வெடிப்பு அந்த மெத்தென்ற பரப்பில் மாட்டி மாட்டி இழுத்தது. கை போன வழியெல்லாம் கோடு. போதாததற்கு, ஒரு தோலின் நடு முதுகில் கடுகு அளவுக்கு ரத்தம். என்னுடையது.

சூப்பர்வைசர் கத்தவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாப்பா இது, தோல்ல இருக்கற டிஃபெக்ட்டைவிட உன் கைல ஜாஸ்தியா இருக்கே" என்றார். பொங்கல் லீவு முடிந்து வரும்போது கை சரியாக இருந்தால் டேபிள், இல்லாவிட்டால் திரும்பவும் டிரம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் டிரம்முக்குத் திரும்பினால் கை இன்னும் கெடும். கை கெட்டால் டேபிள் அதோடு முடிந்தது. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாளே வேலூருக்கு பஸ் ஏறி ஒரு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்த்தேன். சின்ன வயசு டாக்டரம்மா. கதவுக்கு வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் என் கையையே பார்ப்பது மாதிரி ஒரு நினைப்பு. சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். புரிந்ததா என்று கேட்டார். அதற்கும் ஆட்டினேன். ஒரு டியூப் களிம்பு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து யோசித்தால், எனக்கு நினைவில் நின்றது இரண்டே விஷயம்: ஈரம் காய்வதற்குள் போட வேண்டும், தடித்த தோலை அது இளக்கும்.

டியூப் மேல் எழுதியிருந்தது எல்லாம் இங்கிலீஷ். கடைக்காரர் அதில் யூரியா இருக்கிறது என்று சொன்னார். வீட்டில் வந்து அதைச் சொன்னேன். என் வீட்டுக்காரி டியூபை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"வயலுக்கு மூட்டை மூட்டையா கொட்டுவாங்களே, அந்த யூரியாவா? நாளைக்கு உங்க கைல நெல்லு மொளைக்கப் போவுது."

"இது வேற. காஞ்ச தோல்ல தண்ணி நிக்கறதுக்குப் போடறது."

"டாக்டரு சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?"

நான் டியூபைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. காய்ந்த தோலை மெத்தென்று ஆக்குவது எப்படி என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? இருபத்திரண்டு வருடமாக அதைத்தானே செய்கிறேன் என்று நினைத்தேன்.

எங்கள் வேலையில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. தோலின் மேல்பக்கம் முரடாக இருந்தால் முதலில் எமரி பேப்பர், அதாவது உப்புத்தாள், ஓடுகிற மெஷினில் கொடுத்துத் தேய்ப்போம். பஃபிங் என்பார்கள். தேய்த்தால்தான் அடுத்துப் போடுகிற மருந்து உள்ளே பிடிக்கும். டிரம்மில் எண்ணெய் ஊட்டி எடுத்த தோலை அடுக்கி, காற்றுப் படாமல் பாலிதீன் ஷீட் போட்டு மூடி வைப்போம். அப்போதுதான் எல்லா இடத்திலும் சமமாக ஊறும். தேய், ஊட்டு, மூடு. இந்த வரிசையை நான் தூக்கத்திலும் சொல்வேன்.

மாட்டுப் பொங்கல் அன்று மதியம், சாப்பிட்டு முடித்ததும் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்தேன். பஃபிங் பிரிவில் கிழிந்து விழுந்த எமரி துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. ரொம்ப முரடு இல்லை, நைசானதுதான். கையை வெந்நீரில் ஊறவைத்து, விரல் விரலாகத் தேய்த்தேன். தடித்த தோல் மாவு மாதிரி உதிர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க உற்சாகம். வெடிப்பின் ஓரங்களையும் விடவில்லை. இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. சரியான பதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு டியூபைப் பிதுக்கி, இட்லிக்குச் சட்னி வைப்பது மாதிரி இரண்டு கையிலும் அப்பினேன். பாதி டியூப் காலி. மேலே கைக்கொரு பாலிதீன் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொல்லி வீட்டுக்காரியிடம் நீட்டினேன். அவள் கட்டினாள். கட்டும்போதே, "இன்னாங்க இது, கை எரியலையா?" என்று கேட்டாள்.

எரிந்தது. மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. ஆனால் எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் என்னால் உட்கார முடியவில்லை. நடந்தேன். கைகளை மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். தெருவில் மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள், இவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். "கழட்டுங்க" என்றாள் வீட்டுக்காரி. "இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். அப்படியே மூன்று மணி நேரம் வைத்திருந்தேன். கடைசியில் அவளே கத்திரிக்கோலை எடுத்துவந்து பையை வெட்டினாள்.

கையைப் பார்த்தோம். உள்ளங்கை முழுக்க ரத்தச் சிவப்பு. விரல்கள் வீங்கியிருந்தன. வெடிப்பு இருந்த இடங்களில் மேல்தோல் உரிந்து நீர் கசிந்தது. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. குழாயடியில் உட்காரவைத்து, தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்தக் கையால் டம்ளர்கூடப் பிடிக்க முடியவில்லை. ராத்திரிச் சோறு அவள்தான் ஊட்டினாள்.

லீவு முடிந்து டேபிளில் நிற்க வேண்டிய நாளில் நான் திரும்பவும் வேலூர் ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தேன். துண்டுக்குள் மறைத்திருந்த கையை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எப்படி ஆச்சு?"

"மருந்து போட்டேன். தானா இப்டி ஆச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தேன் என்று அந்தப் படித்த பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பின்னால் வரிசையில் வேறு ஆட்கள். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சமாகப் போட்டீர்களா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். வெடிப்பு திறந்திருக்கிற இடத்தை விட்டுவிட்டுத்தானே போட்டீர்கள் என்றார். அதற்கும் ஆட்டினேன்.

"அப்படின்னா இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கலை. இனிமே இதைத் தொடாதீங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் இது எனக்கு ஆகாதுன்னு சொல்லிடணும். சீட்டுலயும் எழுதிடறேன்."

பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்குத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. ஒரே டிரம்மில் போட்ட ஒரு லாட் தோலில் நிறம் திட்டுத் திட்டாக வந்துவிட்டால் முதலில் மருந்தின் மேல்தான் பழி விழும். டிரம்காரன் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருப்பான், திட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்வான். உடனே மருந்து அளவையெல்லாம் மாற்றுவார்கள். அடுத்த லாட்டும் கெடும். அப்படி ஒருமுறைகூட நான் வாயை மூடிக்கொண்டது கிடையாது. திட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் நான் செய்ததைச் சொல்லியிருக்கிறேன். வெறும் மாட்டுத் தோலுக்குச் சொன்ன உண்மையை என் சொந்தத் தோலுக்குச் சொல்ல வாய் வரவில்லையே என்று தோன்றியது.

"எழுதாதீங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மருந்து மேல தப்பு இல்ல. நான் எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எமரி பேப்பரா? இரும்பு தேய்க்கிறதா?"

"தோல் தேய்க்கிறதும்மா. ஃபைன்தான். முன்னூத்தி இருபதாம் நம்பர்."

அவர் சிரித்துவிட்டார். உடனே அடக்கிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாதி டியூப், பாலிதீன் பை, ரப்பர் பேண்ட், மூன்று மணி நேரம். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டார். தேய், ஊட்டு, மூடு என்கிற எங்கள் வரிசையையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் நான் அவ்வளவு பேசியதில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் ஞாபகமே வரவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்று கேட்டார். "பஃபிங் போடறப்ப உங்க ஃபேக்டரி தோல் கத்துமா?"

"எங்கேம்மா கத்தும்?"

"உங்க கை கத்துச்சுல்ல? எரிச்சல்னா அதுதான். அதைக் கேக்காம பாலிதீன் போட்டு மூடிட்டீங்களே."

நான் குனிந்து என் கையைப் பார்த்தேன்.

காயம் ஆறும்வரை அந்தக் களிம்பைத் தொடக்கூடாது என்றார். புண்ணுக்கு வேறு மருந்து கொடுத்தார். மற்ற இடத்துக்கு வாசனை எதுவும் இல்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும் என்றார். ஆறிய பிறகு களிம்பை எப்படிப் போட வேண்டும் என்று முதலிலிருந்து சொன்னார். இந்த முறை புரிந்ததா என்று கேட்கவில்லை. திருப்பிச் சொல்லுங்கள் என்றார். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி நான் ஒப்பித்தேன். முழங்கைக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் இரண்டு மூன்று நாள் போட்டுப் பார்க்கணும். அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்தணும். வராவிட்டால் கையில் போடலாம். தேய்க்கவே கூடாது. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துண்டால் ஒத்தி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே போடணும். விரலின் மேல்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கைக்கும் போதும். திறந்த வெடிப்பை விட்டுவிடணும். நான் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். அவர் இரண்டு தடவையும் திருத்தினார். லேசாகச் சுரீர் என்று இருந்து கொஞ்ச நேரத்தில் அடங்கினால் பரவாயில்லை. எரிச்சல் ஏறிக்கொண்டே போனால் கழுவிவிட்டு வரணும் என்று கடைசியாகச் சொன்னார். தாங்கிக்கொள்வதற்குப் பரிசு ஒன்றும் கிடையாது என்றார்.

ஆஸ்பத்திரியில் வாய் திறந்த தைரியத்திலேயே நேராகத் தொழிற்சாலைக்குப் போய் சூப்பர்வைசரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் என் கட்டுப் போட்ட கைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"இவன் சொல்றதைக் கேளு பாய். கைக்கு பஃபிங் போட்ருக்கான்."

"நல்ல வேளை சார், அடுத்து ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காம வுட்டான்" என்றார் பாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இடம் அப்டியே இருக்கட்டும். ரெண்டு ஆள் வேலையை நான் பாக்கறேன். கைதான் போச்சு சார், கைக்குத் தெரிஞ்சது போவல" என்றார்.

சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார். மூன்று வாரம் டைம் என்றார். அதுவரை அளவு எடுக்கிற மெஷின் பக்கத்தில் நின்று, தோலைத் தொடாமல் சீட்டு ஒட்டுகிற வேலை கொடுத்தார்.

அந்த மூன்று வாரமும் நான் டாக்டரம்மா சொன்ன வரிசையை விட்டு இம்மியும் நகரவில்லை. புண் ஆற பத்து நாள் ஆனது. களிம்பை முழங்கைக்குக் கீழே மூன்று நாள் போட்டுப் பார்த்தேன்; ஒன்றும் ஆகவில்லை. பிறகு கையில், காலையும் மாலையும். முதல் நாள் அந்தத் துளிக் களிம்பைப் பார்த்ததும், இதுவா என் கையைச் சரி பண்ணப் போகிறது என்று சிரிப்பாக வந்தது. ஆனால் நாலாவது நாள் விரலை மடக்கும்போது இழுக்கவில்லை. ஏழாவது நாள் சாம்பார் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். வீட்டுக்காரி என் கையைப் பிடித்துப் பார்த்து, "நெல்லு மொளைக்கலையே" என்றாள்.

மூன்று வாரம் முடிந்த திங்கட்கிழமை டேபிளில் நின்றேன். பாய் வேண்டுமென்றே வெளிர் நிற ஸ்வேடைத்தான் முதலில் விரித்தார். இரண்டு கையையும் வைத்து, தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கம்வரை தடவினேன். எங்கேயும் மாட்டவில்லை. கோடு இல்லை. இடது தொடைப் பக்கம் ஒரு தொய்வு, கண்ணுக்குத் தெரியாதது, விரலுக்குத் தெரிந்தது. சாக்பீஸை எடுத்து இரண்டு என்று எழுதினேன். சூப்பர்வைசர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த டேபிளுக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

வெடிப்பு முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குளிர் வந்தால் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். அப்போது அந்த இடத்தை விட்டுவிட்டுக் களிம்பு போடுவேன். வேலைக்குக் கிளம்பும் முன்பு போட்டால் பிசுக்கு தோலில் படும் என்பதால் விடிந்ததும் போட்டுவிடுவேன். டிரம் பக்கத்து ஆட்கள் இப்போது கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். முதலில் உறையைப் போடு என்பேன். ஒருவன் தன் கைக்குழந்தைக்குக் கன்னம் காய்கிறது, உன் டியூபைக் கொடு என்று கேட்டான். கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தது எனக்கு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய், வீட்டில் இதுவரை என்னென்ன போட்டாய் என்பதை ஒளிக்காமல் சொல் என்று அனுப்பினேன். நாலு பேர் நின்றுகொண்டிருந்த இடத்தில்தான் அதைச் சொன்னேன், என் குரல் எனக்குக் கேட்டது.

டேபிளில் என் கைக்குக் கீழே கிடக்கிற தோல் தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாது, அதனால்தான் அதைத் தொட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் என் தோல் சொல்லும் என்பதையும், அது சொன்னால் நான் உடனே வாய் திறந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் ஒவ்வொரு நாள் காலையும் அந்தத் துளிக் களிம்பைப் பிதுக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.